மஞ்சள் லைட் எரிந்தால் வண்டியை எங்கே விடுவது: பெங்களூரா, ஓசூரா, நம்ம ஊர்ப் பட்டறையா?

தொப்பூர் கணவாயில் பாதி இறக்கம் தாண்டியிருப்போம். மச்சானின் காரில் மீட்டருக்கு நடுவே மஞ்சளாக ஒரு லைட் எரிந்தது. ஒரு வட்டம், அதற்கு இரண்டு பக்கமும் விட்டு விட்டு இழுத்த வளைகோடு. "மாமா, ஹேண்ட் பிரேக் போட்டபடியே ஓட்டுறேனா?" என்றான். ஹேண்ட் பிரேக் இல்லை. பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை, தேய்ந்துவிட்டது என்று வண்டி சொல்கிறது. முன்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு இறங்குகிறது, பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் அந்தச் சேதி வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

"கியரைக் கைக்கு எடுத்துக்கோ, மூணாவதுல போடு, என்ஜினே பிடிக்கட்டும்" என்றேன். ஒன்றும் ஆகவில்லை. சேலம் போய்க் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, அதேபோல மெதுவாகத் தருமபுரி திரும்பினோம். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சுதான்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கதவு, பின்சக்கரம் இழுக்கும் ஜெர்மன் கூப்பே. பெங்களூரில் ஒருவர் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றதை மச்சான் போன வருஷம் வாங்கினான். மாம்பழக் கூழ் வியாபாரம் என்பதால் வாரம் இரண்டு முறை கிருஷ்ணகிரி, மாதம் இரண்டு முறை பெங்களூரு போவான். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க மாட்டான், வத்தல்மலை ஏறி இறங்குவான். பழைய ஓனர் கொடுத்த பில்லில் நான்கு சக்கரத்துக்கும் பேட் மாற்றியதாக இருந்தது. அதற்குப் பிறகு ஓடியது 14,000 கிலோமீட்டர்தான். என் சாதாரண காரில் பேட் 40,000 தாண்டியும் உழைத்திருக்கிறது. ஆகவே எங்கள் முன்னால் இரண்டு கேள்வி இருந்தன. எங்கே கொண்டுபோய் மாற்றுவது என்பது ஒன்று. ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஊரே பதில் சொன்னது. இரண்டாவதை ஒருவர்தான் கேட்டார்.

வந்த யோசனைகள் இவை. பெங்களூரில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டதும் வண்டி நம்பரை மட்டும் கேட்டுவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் பேட், டிஸ்க், சென்சார் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் அனுப்பினார்கள். தருமபுரியில் எங்கள் குடும்ப வண்டிகளைப் பல வருஷமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், "பேட்டை மட்டும் வாங்கிட்டு வாங்க தம்பி, அரை மணி நேர வேலை, லேபர் 1,500 கொடுங்க" என்றார். ஓசூரில் வெளிநாட்டுக் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறைக்காரர், "சக்கரத்தைக் கழற்றாம நான் விலை சொல்றதில்லீங்க" என்று போனை வைத்துவிட்டார். மச்சானின் நண்பன் ஒருவன் எல்லாவற்றையும் விட மலிவாக ஒன்று சொன்னான்: "சென்சார் ஒயரைக் கட் பண்ணி ரெண்டையும் முறுக்கி விட்டுடு, லைட் போயிரும்."

கடைசி யோசனையை முதலில் தீர்த்துவிடலாம். அது வேலை செய்யும், அதுதான் ஆபத்து. இந்த வகை சென்சார் பெரிய விஞ்ஞானம் இல்லை. பேட்டுக்குள் செருகிய ஒரு பிளாஸ்டிக் முனை, அதற்குள் ஒரு மெல்லிய ஒயர். பேட் ஓர் அளவுக்கு மேல் தேய்ந்ததும் சுற்றும் டிஸ்க் அந்த ஒயரை அறுத்துவிடும். சுற்று அறுந்தது, லைட் எரிந்தது. அதனால்தான் ஒருமுறை அறுந்த சென்சாரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, புதிதுதான் போட வேண்டும். ஒயரை முறுக்கினால் சுற்று கூடிவிடும், லைட் அணைந்துவிடும், பேட் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் பேட்டின் இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசும் சத்தம்தான் சென்சார். அந்தச் சத்தம் வரும்போது டிஸ்க்கும் போயிருக்கும்.

லைட்டின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் என்றால் பட்டறைக்கு நேரம் குறித்துக்கொள். சிவப்பு என்றால் ஓரங்கட்டு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியோடு சிவப்பாக எரிவது ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதாகவும் இருக்கலாம், பிரேக் ஆயில் குறைந்ததாகவும் இருக்கலாம். பேட் சென்சாரே இல்லாத கார்கள் ஏராளம். அவற்றில் பேட் தேயத் தேயக் காலிப்பரின் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் இடுக்கி) பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், டப்பாவில் மட்டம் குறையும். அதனால் வளைவிலோ இறக்கத்திலோ ஆயில் ஒரு பக்கம் சாயும்போது சிவப்பு லைட் மின்னி மின்னி அணையும். ஆயில் ஊற்றினால் லைட் போய்விடும், ஆனால் காரணம் பேட்டாக இருந்தால் அதுவும் முறுக்கிய ஒயர் மாதிரிதான். அதோடு, புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஊற்றிய ஆயில் பொங்கி வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். லைட்டைக் கண்டதும் ஆயில் பாட்டிலைத் தூக்குகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

சரி, மீதி மூன்று வழிகள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரைத் திட்டுவது நம் ஊரில் ஒரு பொழுதுபோக்கு. வாரன்டி உள்ள வண்டி என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு நேரே அங்கேயே போங்கள். ஏபிஎஸ் பம்ப்புக்குள் இருக்கும் பழைய ஆயிலைக்கூடக் கம்ப்யூட்டர் மூலம் பம்ப்பை ஓட்டி வெளியே எடுப்பார்கள். எந்தச் சேஸிஸ் நம்பருக்கு எந்தப் பேட் என்பதில் தவறு வராது. பிரச்சினை தூரமும் பழக்கமும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 135-க்குப் பக்கம். தேய்ந்த பேட்டோடு அவ்வளவு தூரம் போக வேண்டும். விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி, மறுபடி போய் எடுக்க வேண்டும். பழக்கம் என்று நான் சொல்வது அந்த எஸ்டிமேட்டை. ஒரு சக்கரத்தைக்கூடப் பார்க்காமல் நான்கு டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்தது?

டிஸ்க் மாற்ற வேண்டுமா என்பது யாருடைய அபிப்பிராயமும் அல்ல, ஓர் அளவு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரை வைத்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். "டிஸ்க் இப்போ எத்தனை மில்லிமீட்டர் இருக்குங்க, குறைந்தபட்சம் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் வந்தால் பேசலாம். "எல்லாருக்கும் மாத்துறதுதான் சார்" என்று வந்தால் போனை வைத்துவிடலாம். எங்களுக்கு இரண்டாவதுதான் வந்தது.

இதற்கு நேர் எதிர்ப்புறம் நம் ஊர்ப் பட்டறை. டிஸ்க் கொஞ்சம் வரிவரியாக இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைசல் பிடித்து மறுபடி போடுவார்கள். பழைய காலத்துக் கார்களில் அது நடக்கும். இந்தக் கார்களில் புது டிஸ்க்குக்கும் தூக்கிப் போட வேண்டிய டிஸ்க்குக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவுதான். அதைக் கடைந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

எங்கள் மெக்கானிக் அண்ணனின் கை சுத்தமான கை. முன்சக்கரத்துப் பேட் மாற்றுவதென்றால் எந்தப் பயமும் இல்லாமல் அவரிடம் விடுவேன். வீலைக் கழற்று, காலிப்பரை எடு, பிஸ்டனைத் தள்ளு, பேட்டை மாட்டு. வண்டி எந்த நாட்டில் பிறந்தாலும் அந்த வேலை ஒன்றுதான். சிக்கல் பின்சக்கரம். இப்போது வரும் பல கார்களில் ஹேண்ட் பிரேக் என்பது லீவர் இல்லை, பட்டன். பின்பக்கக் காலிப்பரிலேயே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்து திருகாணியைச் சுழற்றிப் பேட்டை இறுக்கும். பேட் மாற்றும் முன் அந்த மோட்டாரைப் பின்னால் ஓட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வேண்டும், சில வண்டிகளில் பட்டன்களை ஒரு வரிசையில் அழுத்தியும் கொண்டுவரலாம். அது தெரியாமல் வழக்கம்போல் கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை நெருக்கினால் உள்ளே பல் சக்கரம் உடையும். 1,500 ரூபாய் லேபர் மிச்சம் பிடிக்கப்போய் காலிப்பர் வாங்கிய கதையாகிவிடும். அண்ணனிடமே கேட்டேன். "பின்னாடி மோட்டார் வச்சதா? அப்ப எனக்கு வேண்டாம் தம்பி" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே முன்சக்கர வேலையை அவருக்கு எடுத்துவைத்திருக்கிறோம்.

ஆக, ஓசூர். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், லாரிக் கூட்டம் சேர்வதற்கு முன் கிளம்பினோம். அந்தத் திசையில் ஒரு நன்மை உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே போகும்போது ஏற்றம், பிரேக்குக்கு வேலை குறைவு. திரும்பி இறங்கும்போது புதுப் பேட் இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றியதும் கதை மாறியது. முன்பக்கப் பேட்டுகளில் 8 மில்லிமீட்டர் மிச்சம். பின்பக்கம் இடதில் உள்ளேயும் வெளியேயும் 5. பின்பக்கம் வலதில் வெளிப்பேட் 6, உட்பேட் கிட்டத்தட்டத் தகடு. ஒரே சக்கரத்தில், ஒரே டிஸ்க்கின் இரண்டு பக்கத்தில், ஒன்று பாதி தேய்ந்திருக்கிறது, இன்னொன்று செத்திருக்கிறது. பட்டறைக்காரர் காலிப்பரை அசைத்துப் பார்த்தார். அது நகரவில்லை.

இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பிரேக் மிதித்தால் பிஸ்டன் உட்பேட்டைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் 'பின்' எனப்படும் இரண்டு இரும்புக் குச்சிகளில் வழுக்கி வெளிப்பேட்டை இழுத்து இறுக்கும். பின்னில் போட்ட கிரீஸ் காய்ந்து, ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் இறங்கித் துரு பிடித்தால் காலிப்பர் வழுக்காது. காலை எடுத்த பிறகும் உட்பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். போன தடவை மாற்றியவர் பேட்டை மாட்டியிருக்கிறார், பின்னைத் தொட்டே பார்க்கவில்லை. இப்போதும் அதே மாதிரி பேட்டை மட்டும் மாட்டியிருந்தால், 1,20,000 கொடுத்தாலும் சரி, 1,500 கொடுத்தாலும் சரி, இன்னொரு 14,000 கிலோமீட்டரில் அதே லைட் எரிந்திருக்கும்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. இந்த வண்டியில் பேட் சென்சார் இருப்பது இரண்டே சக்கரத்தில்: முன் இடது, பின் வலது. சிக்கிக்கொண்ட அந்தக் காலிப்பர் பின், சென்சார் இருந்த சக்கரத்தில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இதுவே பின் இடதில் நடந்திருந்தால் லைட்டே எரிந்திருக்காது. சில ஸ்போர்ட்ஸ் கார்களில் நான்கு சக்கரத்திலும் சென்சார் வைக்கிறார்கள். பலவற்றில் அச்சுக்கு ஒன்றுதான். லைட் எரியவில்லை என்றால் நான்கும் நலம் என்று அர்த்தமில்லை. டயர் சுழற்சிக்கோ பஞ்சருக்கோ சக்கரம் கழலும்போதெல்லாம் டார்ச் அடித்து உட்பேட்டை ஒரு பார்வை பாருங்கள்.

வலது சக்கரத்தில் பேட் தேய்ந்ததற்குச் சிக்கிக்கொண்ட அந்தப் பின்தான் காரணம். சரி, முன்னால் 8 இருக்க, பின்னால் இடது 5-க்கு ஏன் வந்தது? பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன்பேட்தான் முதலில் தேயும் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம். பட்டறைக்காரர் சிரித்தபடி மச்சானைப் பார்த்தார். "வளைவுல திரும்பி முடிக்கிறதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டர் அழுத்துவீங்களா?" அவன் பதில் சொல்லவில்லை, வத்தல்மலைக்குத் தெரியும். பின்சக்கரம் வழுக்கினால் அதைப் பிடித்து நிறுத்துவது வண்டியே, பிரேக்கைப் போட்டுத்தான். வளைவில் உள்பக்கச் சக்கரம் சும்மா சுழன்றால் அதற்கும் பிரேக். டிரைவரின் கால் ஆக்ஸிலேட்டரில் இருக்கும்போதே பின்பேட் தேய்கிறது. மீட்டரில் வழுக்கும் கார் படம் ஒன்று மின்னுமே, அது மின்னும் ஒவ்வொரு முறையும் பேட் செலவாகிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோல் உள்ள கார்களிலும் இப்படித்தான், நெடுஞ்சாலையில் நம் கால் படாமலே பிரேக் வேலை செய்துகொண்டிருக்கும்.

அப்புறம் தொப்பூர். கணக்குப் போட்டுப் பார்த்தால் மிரட்டுகிறது. 1,600 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, பிரேக் சுமார் 6.2 லட்சம் ஜூல் ஆற்றலைச் சூடாக மாற்ற வேண்டும். அதே கார் வேகம் கூடாமல் 100 மீட்டர் உயரம் இறங்கினால் கழிக்க வேண்டியது சுமார் 15.7 லட்சம். அதாவது 100-இலிருந்து இரண்டரை முறை நிறுத்திய அளவு. காற்றும் என்ஜினும் பங்கு எடுத்துக்கொண்டால் பிழைத்தோம். ஆட்டோமேட்டிக்கை டி-யிலேயே விட்டால் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அது மேல் கியருக்குத் தாவும், என்ஜின் பிடிக்காது, சுமை முழுவதும் பேட்டின் தலையில். தேய்ந்த பேட் என்றால் இன்னும் மோசம். மெல்லிய பேட் சூட்டைத் தடுக்காது, நேரே பிஸ்டன் வழியாக ஆயிலுக்குக் கடத்தும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பேட் மாற்றும் நாளிலேயே அதையும் முடித்துவிடுவது நல்லது. மச்சானின் வண்டியில் ஆயில் டீத்தூள் நிறத்தில் இருந்தது.

எந்தப் பேட் போடுவது என்பதிலும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. மச்சானுக்கு ரேஸ் பேட் ஆசை. டப்பாவைப் பார்த்தாலே ஆசை வரும்தான். ஆனால் ரேஸ் பேட் சூடேறினால்தான் கடிக்கும். மார்கழி மாதம் ஓசூர்ப் பனியில் முதல் சிக்னலில் அது வழுக்கும், கிறீச்சிடும், டிஸ்க்கையும் சீக்கிரம் தின்னும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ கோவை கரி ரேஸ் டிராக்குக்கோ போகிற அன்று மாட்டிக்கொள்ளத் தனி செட் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். செராமிக் பேட்டில் வீலில் கறுப்புத் தூசி படியாது, சத்தம் இல்லை. டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு அது போதும். இறக்கத்தைத் தொழிலாக வைத்திருக்கும் இவனுக்கு, வண்டியோடு வந்த அதே வகைப் பேட்தான் சரி என்று பட்டறைக்காரர் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே வகை என்றால் கம்பெனி டப்பாதான் என்று இல்லை. கார் கம்பெனிகள் பொதுவாகப் பேட்டைத் தாங்களே செய்வதில்லை. பிரெம்போ, ஏடிஇ, டெக்ஸ்டார் போன்றவர்கள் செய்து கொடுப்பார்கள். அவர்களே தங்கள் பெயரிலும் விற்பார்கள், விலை குறையும். பில்லோடு வாங்குங்கள், பார்ட் நம்பரைச் சேஸிஸ் நம்பரோடு ஒத்துப்பாருங்கள். சென்சாரை மட்டும் நாங்கள் கம்பெனிப் பொருளாகவே போட்டோம். அதில் கஞ்சத்தனம் பண்ணி, தப்பாக எரியும் லைட்டை வாங்கி வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கிரானைட் தூசி பேட்டைத் தின்கிறது என்று கிருஷ்ணகிரிப் பக்கம் சொல்வார்கள். அந்தத் தூசியில் குவார்ட்ஸ் உண்டு, வார்ப்பிரும்பை விடக் கடினமானது, ஆகவே சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் குவாரிக்குள்ளேயே தினமும் போகாத ஒரு கூப்பேக்கு அதைக் காரணமாகச் சொல்வது பின்னைப் பார்க்காமல் தப்பிக்கும் வழி.

செலவு: பின்பக்கப் பேட், ஒரு சென்சார், இரண்டு பக்கமும் புதுப் பின்கள், ரப்பர் உறை, பிரேக் ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். டிஸ்க்கை மைக்ரோமீட்டரில் அளந்து காட்டினார், நான்கும் குறைந்தபட்சத்துக்கு மேலே இருந்தன, தொடவில்லை. வேலை முடிந்ததும் சாவியை எங்களிடம் கொடுத்துவிடாமல் அவரே வண்டியைச் சர்வீஸ் ரோட்டுக்கு எடுத்துப்போனார். 60 வேகத்திலிருந்து 15 வரை இழுத்துப் பிடித்து, முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படிப் பத்துத் தடவை. புதுப் பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரு படலமாகப் படிந்தால்தான் பிடி சரியாக வரும். பிறகு பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டார். இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுக்கும் இடங்கள்தான் அதிகம். அப்படிக் கொடுத்தால் நீங்களே செய்துகொள்ளலாம், விடியற்காலையில், பின்னால் யாரும் வராத ரோட்டில்.

என் தேர்வைக் கேட்டால்: வாரன்டி இருந்தால் பெங்களூரு. வாரன்டி முடிந்து, பின்பக்கம் மோட்டார் வைத்த ஹேண்ட் பிரேக் என்றால், ஸ்கேனரும் மைக்ரோமீட்டரும் வைத்திருக்கும் தனிப் பட்டறை, அது ஓசூரில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும். முன்சக்கரம் மட்டும் என்றால் உங்கள் ஊர் அண்ணனே போதும், பேட்டை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், பின்னுக்குப் புது கிரீஸ் போடுவதை நின்று பாருங்கள். பிரேக் பின்னுக்கென்று வரும் கிரீஸாக இருக்க வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். டிஸ்க்கே செராமிக்கில் வந்த விலை உயர்ந்த வண்டிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அவை கம்பெனிக்கே போகட்டும்.

அதற்குப் பிறகு 4,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. போன வாரம் பஞ்சர் ஒட்டும்போது பார்த்தோம்: பின்பக்கம் வலதில் உட்பேட்டும் வெளிப்பேட்டும் ஒரே தடிமன். முன்பேட் 7-க்கு வந்திருக்கிறது. வத்தல்மலை நிற்கவில்லை. முன்பேட்டை மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் மெக்கானிக் அண்ணனிடம் மாற்றிவிடலாம் என்று மச்சான் சொல்லியிருக்கிறான்.